அலாஸ்கா கப்பல் பயணம்: போய் வந்த கதையும் சில யோசனைகளும்

மழைக்குருவி:

போன ஜூனில் சியாட்டிலிலிருந்து ஏழு இரவு அலாஸ்கா போய் வந்தோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே, கெச்சிகன், கடைசியில் கனடாவின் விக்டோரியா. "அலாஸ்கா காசுக்குத் தகுமா?" என்று இங்கே மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்கு மொத்தமாக இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்று. கப்பலுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீச்சல்குளம், சூதாட்டக்கூடம், பாட்டு, கூத்து எல்லாம் எந்தக் கடலில் போனாலும் கிடைக்கும். இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் கப்பலுக்கு வெளியே இருக்கிறது. அதில் பாதி மேல்தளத்தில் நின்றாலே இலவசமாகக் கிடைக்கிறது. இது புரியாமல் முதல் இரண்டு நாளை நாங்கள் சாப்பாட்டுக் கூடத்திலேயே கழித்தோம்.

கிளேசியர் பே போகிற கப்பலா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. அதனால் எல்லாக் கப்பலும் அங்கே போவதில்லை. காலையில் ஓடுகிற கப்பலை ஒட்டி ஒரு சின்னப் படகு வந்தது. அதிலிருந்து பூங்கா ரேஞ்சர்கள் ஏணியைப் பிடித்து ஏறி வந்தார்கள். அப்புறம் நாள் முழுக்க ஒலிபெருக்கியில் அவர்கள்தான். 1794ல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இந்த வளைகுடாவே கிடையாதாம். கரையில் ஐந்து மைல் அளவுக்கு ஒரு சின்ன உள்வளைவு, அதற்குப் பின்னால் முழுக்கப் பனிச்சுவர். 1879ல் ஜான் மியூர் வந்து பார்த்தபோது பனி முப்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்றைக்குக் கப்பல் கிட்டத்தட்ட 65 மைல் உள்ளே போனால்தான் மார்ஜரி பனியாறு கண்ணில் படுகிறது. அந்த 65 மைலையும் மெதுவாகக் கடக்கும்போது இதை நினைத்துக்கொண்டேதான் நின்றேன்.

மார்ஜரியின் முகப்பு ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேலே மட்டும் சுமார் 250 அடி. அதாவது இருபத்தைந்து மாடிக் கட்டடம். படத்தில் பார்த்தால் அந்த அளவு தெரியவே தெரியாது. பக்கத்தில் ஒரு கடற்பறவைக் கூட்டம் மிளகுப்பொடி தூவியது மாதிரிப் பறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீல நிறம் கேமரா வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை, நிஜமாகவே நீலம்தான். பல வருட அழுத்தத்தில் காற்றுக் குமிழ்கள் வெளியேறி இறுகிய பனி சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விடுகிறதாம்.

இங்கே ஒரு நுணுக்கம். பனி உடைந்து விழுவதைப் பார்க்க எல்லோரும் காத்திருப்பார்கள். இடி மாதிரி சத்தம் கேட்டதும் திரும்புவார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், ஏனென்றால் சத்தம் நம்மை வந்து சேர ஒன்றிரண்டு விநாடி ஆகிறது. என் மகள்தான் இதைக் கண்டுபிடித்தாள். ஓர் இடத்திலிருந்து பொடிப்பொடியாகச் சிந்த ஆரம்பித்தால் அங்கேயே கண்ணை வையுங்கள். அடுத்த பெரிய துண்டு பெரும்பாலும் அங்கேதான் விழும். நாங்கள் அப்படி மூன்று பார்த்தோம். இந்தச் சத்தத்தை அங்கத்திய க்லிங்கிட் மக்கள் 'வெள்ளை இடி' என்கிறார்கள்.

உடை: ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்பது மாதிரி குளிர். ஒரே தடிமன் கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கும் மேலே மழை புகாத சட்டையும் மேல். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் அன்றைக்குக் காயாது. அம்மா புடவைக்கு உள்ளே வெப்பம் காக்கும் பேண்ட், காலில் ஸ்னீக்கர்ஸ், தலையில் மங்கி குல்லாவோடு வந்தார். மேல்தளத்தில் கடைசிவரை நின்ற சிலரில் அவரும் ஒருவர்.

நெல்லைச்சீமை:

நல்லா எழுதியிருக்கீங்க அண்ணா. அப்பா, அம்மா ஆகஸ்டில் மதுரையிலிருந்து வருகிறார்கள். அமெரிக்க விசிட்டர் விசா பத்து வருடத்துக்கு இருக்கிறது. கனடா விசாவும் எடுக்க வேண்டுமா? விக்டோரியாவில் இறங்காமல் கப்பலிலேயே உட்கார்ந்துவிட்டால்?

கோப்புக்கட்டு:

எடுக்கத்தான் வேண்டும். இறங்கினாலும் இறங்காவிட்டாலும் கப்பல் கனடாவுக்குள் போகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டில் கனடா விசா இல்லாவிட்டால் சியாட்டிலில் ஏறும்போதே நிறுத்திவிடுவார்கள், கட்டிய பணமும் திரும்பாது. அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கனடா போய்த் திரும்பி நுழைய வேண்டுமே. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா வேண்டாம், பாஸ்போர்ட்டும் கார்டும் கையில் இருந்தால் போதும்.

கப்பல் ஏன் வேலை மெனக்கெட்டு விக்டோரியாவுக்குப் போகிறது என்று பலர் கேட்பார்கள். எல்லாம் 1886ம் வருடச் சட்டம் ஒன்றால் வந்தது. வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. இந்தப் பெரிய கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா என்று வெளிநாட்டில் பதிவானவை. அதனால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். பல கப்பல்கள் சாயங்காலம் போய் நள்ளிரவுக்குள் கிளம்பிவிடுவது இதனால்தான். கொரோனா சமயத்தில் கனடா துறைமுகங்களை மூடியபோது, 2021ல் இதற்கென்றே தனியாக ஒரு தற்காலிகச் சட்டம் போட வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் பயணம் என்றால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். கைரேகைக்கு நேரம் கிடைப்பதற்கே நாளாகும்.

பனங்கிழங்கு:

நாங்கள் டொரொன்டோவில் இருந்து பறந்து போய் வன்கூவரில் ஏறினோம். கடல் வருத்தம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் யோசியுங்கோ. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வன்கூவர் தீவுக்கு மேற்கால, திறந்த பசிபிக் கடலால் போகும். வன்கூவர் கப்பல் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவால போகும். இரண்டு பக்கமும் மலையும் காடும், தண்ணீர் குளம் மாதிரி. சரியான வடிவு. தீவு முடிந்த பிறகு சில மணித்தியாலம் திறந்த கடல் வரும், அப்போது மட்டும் கொஞ்சம் ஆட்டம். எங்களுடைய அம்மம்மாவுக்கு எண்பத்தொரு வயது. இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்துவிட்டா.

அமெரிக்கக் குடிவரவுச் சோதனையும் கப்பலில் ஏற முதலே வன்கூவரில் முடிந்துவிடும். ஆனால் ஒரே நாளில் மூன்று கப்பல் நின்றால் வரிசை நீளும். வெள்ளன போங்கோ.

சில்லறைக்கணக்கு:

பால்கனி அறைக்குக் காசைக் கொட்டாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். நாங்கள் ஜன்னலே இல்லாத உள்ளறை எடுத்தோம். மிச்சமான பணத்தில் நான்கு பேரும் திமிங்கிலம் பார்க்கப் போனோம். பனியாற்றின் முன்னால் கப்பல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று மெதுவாகச் சுற்றிக் காட்டுகிறது. மேல்தளத்தில் நின்றால் இரண்டு பக்கமும் உங்களுடையது, பால்கனிக்காரருக்கு ஒரு பக்கம்தான். இன்னொன்று, ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம், விடியற்காலை நாலு மணிக்குச் சூரியன். உள்ளறையில் கும்மிருட்டு. குழந்தைகள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார்கள்.

தேநீர்நேரம்:

உங்களுக்கு முழங்கால் வலி இல்லை போலிருக்கிறது சார். என் மாமியாரால் அரை மணிக்கு மேல் நிற்க முடியாது. பால்கனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓர்க்கா திமிங்கிலக் கூட்டம் ஒன்றைப் பார்த்தார். அதுவும் நாங்கள் எல்லோரும் மேலே பீட்சாவுக்கு வரிசையில் நின்றபோது! அந்தப் பணம் எனக்கு வீணாகத் தெரியவில்லை.

சில்லறைக்கணக்கு:

பெரியவர்கள் வந்தால் சரி. ஒப்புக்கொள்கிறேன். பீட்சாவுக்கு வரிசையில் நின்றதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அடுக்களைராணி:

சைவச் சாப்பாடு பற்றி யாரும் எழுதவில்லையே. பதிவு செய்யும்போதே இந்திய சைவம் என்று குறித்துவிடுங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். முதல் நாள் இரவு பெரிய உணவுக்கூடத்துக்குப் போய்த் தலைமைப் பரிமாறுபவரிடம் நேரிலும் சொல்லுங்கள். பல கப்பல்களில் சமையலறையிலும் மேசையிலும் நம் நாட்டுக்காரர்கள் இருப்பார்கள். எங்கள் மேசைக்கு வந்தவர் கோவாக்காரர். இரண்டாம் நாளிலிருந்து கேட்காமலே பருப்பு, ஒரு காய், சாதம் வந்தது. முந்தைய இரவே சொல்லி வைத்தால் மறுநாளைக்குச் செய்து தருவார்கள். பஃபே கூடத்தில் இந்தச் சலுகை கிடைக்காது.

பருப்புப்பொடி, ஊறுகாய் பாக்கெட்டோடு எடுத்துப்போகலாம். கெட்டில், ரைஸ் குக்கர் எடுத்துப்போகாதீர்கள், பெட்டியைச் சோதிக்கும்போது எடுத்து வைத்துக்கொள்வார்கள். எங்களுடையது அப்படிப் போய்க் கடைசி நாள் இறங்கும்போதுதான் திரும்பி வந்தது. கப்பலிலிருந்து பழத்தைக் கரைக்குக் கொண்டுபோகவும் விடமாட்டார்கள்.

நாலணா:

டிப்ஸ் எவ்வளவு ஆகும்? டிக்கெட் விலையைப் பார்த்து மலிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மழைக்குருவி:

மலிவில்லை. பெரும்பாலான கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை டிப்ஸ் தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் சேர்த்து. ஐந்து பேருக்கு ஏழு நாள் என்றால் கூட்டிப் பாருங்கள். அப்புறம் இணையம் தனி. கப்பல் ஏறியதும் போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலைப் பிடித்துக்கொண்டு பில்லைத் தீட்டிவிடும்.

போன் என்றதும் எங்கள் கெச்சிகன் ஓட்டம் ஞாபகம் வருகிறது. அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி பின்னால். கெச்சிகனுக்கு முந்தைய இரவே எங்கள் கப்பல் கடிகாரத்தைச் சியாட்டில் நேரத்துக்கு மாற்றிவிட்டது. அறிவிப்பைக் கேட்கத்தான் கேட்டேன், மண்டையில் ஏறவில்லை. கரையில் இறங்கி ஏர்பிளேன் மோடை எடுத்ததும் போன் உள்ளூர் நேரத்துக்குப் போய்விட்டது. நான் சாவகாசமாக ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன், அப்பா கையிலிருந்த பழைய எச்எம்டி வாட்சைக் காட்டி, "ஏம்ப்பா, கப்பல்ல ஏற இன்னும் இருபது நிமிஷம்தானே இருக்கு?" என்கிறார். மழையில் ஓடினோம். கெச்சிகனில் வருடத்துக்குச் சுமார் 150 அங்குல மழை, சென்னையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். பலகை நடைபாதை எப்படி வழுக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்து அதை மட்டும் நம்புங்கள்.

தூரத்துச்சொந்தம்:

கெச்சிகனில் காந்தம் வாங்கியதோடு திரும்பிவிட்டீர்களா? இரண்டரை மைல் தள்ளி சாக்ஸ்மன் என்று க்லிங்கிட் கிராமம் இருக்கிறது. செதுக்கிய டோட்டம் மரத்தூண்கள் வரிசையாக நிற்கும். என் அம்மா முதல் தூணைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டார். வழிகாட்டிப் பெண் சிரித்துக்கொண்டே, இவை சாமி இல்லை, குலக்கதையும் இறந்தவர் நினைவும்தான் என்றாள். "அப்ப நடுகல் மாதிரி" என்றார் அம்மா. நான் இவ்வளவு கச்சிதமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அங்கே வில்லியம் சீவர்டுக்கு ஒரு தூண் இருக்கிறது. 1867ல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கிய அமெரிக்க அமைச்சர். மரியாதைத் தூண் என்று நினைத்துவிடாதீர்கள், அது மானத்தை வாங்குகிற தூண். 1869ல் அவர் வந்தபோது க்லிங்கிட் தலைவர் விருந்து வைத்துப் பரிசுகள் கொடுத்திருக்கிறார். அவர்கள் வழக்கப்படி வாங்கியவர் திருப்பிச் செய்ய வேண்டும். சீவர்ட் செய்யவே இல்லை. கடன் பாக்கி என்று எல்லோருக்கும் தெரியட்டும் என மூக்கிலும் காதிலும் சிவப்பு பூசி நிறுத்திவிட்டார்கள். பழைய தூண் இற்றுப்போனதும் 2017ல் புதிதாகச் செதுக்கி நட்டார்கள். மொய் நோட்டைக்கூட ஒரு தலைமுறை போனால் தூக்கிப் போட்டுவிடுவோம், இவர்கள் இன்னும் வரவு வைத்துக் காத்திருக்கிறார்கள்!

நெல்லைச்சீமை:

மொய் பாக்கிக்குச் சிலை வைத்த கதையை அப்பாவிடம் சொன்னேன். சாக்ஸ்மன் போயே ஆக வேண்டும் என்கிறார். ஜூனோ, ஸ்காக்வேயில் எதற்குக் காசு செலவழிக்கலாம்?

மழைக்குருவி:

என் கணக்கில் ஜூனோவில் திமிங்கிலம், ஸ்காக்வேயில் ரயில். மற்றதெல்லாம் நடை.

ஸ்காக்வே ரயில் 1898ல் தொடங்கி 1900ல் முடிந்த பாதை. தண்டவாளத்துக்கு நடுவே மூன்றடிதான், நம் ஊட்டி ரயிலைவிடக் குறுகல். கனடாவின் கிளாண்டைக் பகுதிக்குத் தங்க வேட்டைக்குக் கிளம்பியவர்கள் இந்த மலையைத்தான் ஏறிக் கடந்தார்கள். ஒரு வருடத்துக்கான சாமான், ஏறக்குறைய ஒரு டன், கொண்டுவராவிட்டால் கனடாப் போலீஸ் எல்லையில் திருப்பி அனுப்பிவிடும். அதை முதுகில் தூக்கி, இறக்கி வைத்து, திரும்ப வந்து தூக்கி என்று ஒரே மலையைப் பத்து இருபது தடவை ஏறியிருக்கிறார்கள். சுமை இழுத்து வந்த குதிரைகள் ஆயிரக்கணக்கில் செத்திருக்கின்றன. ரயிலில் நாம் உட்கார்ந்தபடி இருபது மைலில் கிட்டத்தட்ட 3,000 அடி ஏறிவிடுகிறோம். மேலே போகும்போது இடதுபக்க இருக்கை நல்லது. பேருந்தும் சேர்ந்த பயணம் என்றால் கனடாவுக்குள் போகும், பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வராதீர்கள்.

திமிங்கிலப் படகில் பைனாக்குலர் ஆளுக்கு ஒன்று இருக்கட்டும். ஒன்றை ஐந்து பேர் பிடுங்கிக்கொண்டால் எல்லோரும் வாலைத்தான் பார்ப்பீர்கள். ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் குளிர்காலத்தில் ஹவாய் போய்விடுகின்றன, சாப்பிடத்தான் கோடையில் இங்கே வருகின்றன. அவற்றை நெருங்க 100 கெஜம்தான் எல்லை, படகு அதைவிடக் கிட்டே போகாது.

கரையோரவாசி:

ஜூனோவில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சிலது. அங்கே போக வெளியூரிலிருந்து சாலையே கிடையாது, மாநிலத் தலைநகரமாக இருந்தும். விமானம் அல்லது கப்பல்தான். கோடையில் ஊரே கப்பல் கூட்டத்தில் திணறும். 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல் என்று ஊர் வரம்பு வைத்திருக்கிறது. ஸ்காக்வே இன்னும் பாவம், ஊரில் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான், ஒரே நாளில் பத்தாயிரம் பேர் இறங்குவார்கள். துறைமுகத்தை ஒட்டிய நகைக்கடைகள் பல சீசனுக்கு மட்டும் திறப்பவை. நாலு தெரு உள்ளே போனால் உள்ளூர்க்காரர் கடை இருக்கும், காசை அங்கே கொடுங்கள்.

மெண்டன்ஹால் பனியாறு ஊரிலிருந்து 12 மைல். நகரப் பேருந்து அதுவரை போகாது, இறங்கி ஒன்றரை மைல் நடக்க வேண்டும். பெரியவர்களோடு என்றால் தனியார் பேருந்தில் போய்விடுங்கள், ஆனால் திரும்பும் கடைசி வண்டி எப்போது என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். நகெட் அருவி வரை ஒரு மைல் சமதளப் பாதை. ஆகஸ்டில் போகிறவர்கள் செய்தியைப் பாருங்கள். பனியாற்றின் பக்கத்துப் பள்ளத்தில் தேங்குகிற உருகுநீர் உடைத்துக்கொண்டு 2023, 2024, 2025 மூன்று ஆகஸ்டிலும் வெள்ளம் வந்தது.

ஆகஸ்டின் லாபம் சால்மன். மெண்டன்ஹால் பக்கத்து ஓடையில் மீன் ஏறும்போது கருங்கரடி வரும், பலகைப் பாதையில் நின்றே பார்க்கலாம். கையில் தின்பண்டம் வேண்டாம். சால்மனில் ஐந்து வகை. அங்கே குழந்தைகளுக்குக் கைவிரலில் சொல்லித் தருவார்கள். கட்டைவிரல் ஆங்கிலத்தில் தம், அதனோடு ஓசை ஒத்துப்போகிற சம். ஆட்காட்டி விரலால் கண்ணைக் குத்துகிற மாதிரி காட்டி சாக்ஐ. நடுவிரல்தான் பெரியது, அது கிங். மோதிரவிரலுக்கு வெள்ளி மோதிரம், அது சில்வர். சுண்டுவிரல் பிங்க்கி, அது பிங்க்.

பனங்கிழங்கு:

எங்கட மகன் இதைப் படித்துவிட்டு இரவுச் சாப்பாட்டில் எல்லாருடைய கண்ணையும் குத்தப் பார்க்கிறான். நன்றி!

சில்லறைக்கணக்கு:

ஹெலிகாப்டரில் போய்ப் பனியாற்றில் இறங்குகிற பயணத்தை நாங்களும் பதிவு செய்தோம், மூடுபனியால் அன்று காலை ரத்தானது. நிறுவனமே ரத்து செய்ததால் பணம் முழுவதும் வந்துவிட்டது. மாற்றுத் திட்டம் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். கப்பல் கிளம்பும் நாளிலேயே சியாட்டிலுக்கு விமானத்தில் வந்து இறங்குகிற வேலையும் வேண்டாம். ஒரு விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது. முந்தைய நாளே போய்விடுங்கள்.

நெல்லைச்சீமை:

எல்லோருக்கும் நன்றி. இன்று பதிவு செய்துவிட்டோம், கிளேசியர் பே உண்டு. பெற்றோருக்குப் பால்கனி, எங்களுக்கு உள்ளறை. கனடா கைரேகைக்கு வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி: கப்பலில் தயிர் கிடைக்குமா?

மழைக்குருவி:

காலையில் பஃபேயில் கிடைக்கும், சின்னக் கிண்ணத்தில் போட்டு அறைக்கு எடுத்து வந்துவிடலாம். ஆனால் இனிப்பில்லாததா என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் அப்பா முதல் நாள் வெனிலா தயிரைச் சாதத்தில் ஊற்றிப் பிசைந்து, மேலே மாவடுவையும் வைத்துவிட்டார்.